ஜூலிக்குச் சோறு ஆகாது

எங்கள் வீட்டு நாய்க்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து என் மகள் அதற்குப் பச்சைக் கறி போடுகிறாள். கைப்பேசியில் படித்தாளாம். சோறு கூடாது, வேகவைத்தது கூடாது, மாவுச்சத்துதான் கட்டிக்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சுருங்கிவிடும். திருவொற்றியூரில் எங்கள் அடுக்ககத்தின் சிறிய சமையலறையில் நின்றுகொண்டு அவள் இதை எனக்கு விளக்கியபோது அவள் கையிலிருந்து ஈரல் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. "உடம்புன்னா எல்லா உயிருக்கும் ஒண்ணுதானேம்மா" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றேன். 

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற அம்மா என்று நான் பெயர் வாங்கியவள். குளியலறையில் மகள் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவேன். தட்டில் சோற்றை ஒதுக்கினால் ஏன், ஏன் என்று கேட்டே அவளை எழுந்துபோக வைத்துவிடுவேன். "டயட்டும்மா" என்பாள். அந்தச் சொல் ஒருநாளும் என்னைச் சமாதானப்படுத்தியதில்லை. எங்கள் வீட்டில் முன்பு ஒருத்தி சோற்றை ஒதுக்கினாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பக்தி.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். இராயபுரத்தில் எங்களுக்கு முன்பக்கம் அரிசி மண்டி, பின்பக்கம் வீடு. அப்பாவும் அவருடைய ஊர்க்காரர்களும் தெற்கேயிருந்து வந்து இந்தப் பக்கத்தில் கடை வைத்தவர்கள். வருடங்கள் போயும் வீட்டுக்குள் ஊர்ப்பேச்சுதான். துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் உட்காரும். மாதா கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை மட்டும் அத்தை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. இளம் வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அடுக்களையும் செபமும் அவள் பொறுப்பு. அவளுடைய கூச்சம் எங்கள் உறவு முழுக்கப் பிரசித்தம். தாழிட்ட குளியலறைக்குள்ளும் பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பாள். "உள்ள யாரு மைனி பாக்கா?" என்று அம்மா கேலி செய்தால், "சம்மனசு பாக்கும்லா" என்பாள். காவல் தூதருக்கும் தெரியக்கூடாத உடம்பு அது.

அடுக்களை மூலையில் ஒரு மண்பானை இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அத்தை அதில் போடுவாள். பிடியரிசி. கோயிலுக்கு. தவக்காலத்தில் இன்னும் கூடுதல்: நோன்பில் யார் எவ்வளவு சோற்றைக் குறைத்துக்கொள்கிறார்களோ அந்த அளவு அரிசியும் பானைக்குப் போகவேண்டும். உயிர்த்த ஞாயிறான பாஸ்காவுக்கு முன் கோயில் உபதேசியார் சாக்கோடு வந்து வாங்கிப்போய் ஏழைகளுக்குக் கொடுப்பார். அரிசி மண்டிக்காரன் வீட்டுப் பானை நிறையாமல் போனால் மானம் போய்விடும் என்று அப்பா சிலசமயம் இரகசியமாக ஒரு படி கொட்டிவிடுவார். அத்தை கண்டுபிடித்து அதைத் திரும்பவும் மண்டிச் சாக்கில் போட்டுவிடுவாள். "வயித்துலேர்ந்து வரணும். சாக்குலேர்ந்து இல்ல" என்பாள்.

ஜூலி மண்டிக்குக் காவல் நாய். செவலை நிறம். எங்கள் சோற்றையும் மீன்குழம்பையும் தின்று எங்களைப்போலவே உருண்டிருந்தது. அதன் மடியில் கட்டி இருப்பதை முதலில் கவனித்தவர் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர்.

"அண்ணாச்சி, நாய்க்கு இன்னாவோ கட்டி கீது பாரு. எலுமிச்சங்கா மாதிரி. பால் குடுக்குற எடத்துல."

அப்பா கல்லாவிலிருந்து எழவில்லை. அத்தைதான் குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தாள். ஜூலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டாள். விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டி, ஜூலி அதை நக்கியது.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அத்தையோடு நானும் மாமாவும் போனோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பலில் சமையல்காரர். ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பல் கிடைக்கும்வரை எங்கள் மாடியறை அவருடையது. அவர் பார்க்காத துறைமுகம் இல்லை, அறியாத வைத்தியம் இல்லை. பெட்டியில் எப்போதும் வெளிநாட்டு சாக்லேட் இருக்கும் என்பதால் அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் நம்பியிருந்தேன்.

மருத்துவர் ஜூலியை மல்லாக்கப் புரட்டினார். சுற்றிலும் ஆடு, பசுக்களோடு வந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை சட்டென்று தன் முந்தானையை இழுத்து நாயின் வயிற்றை மூடினாள்.

"என்னம்மா இது? நான் பாக்க வேணாமா?"

"இத்தன ஆம்பிளைய நிக்காங்கல்லா டாக்டர். அதுக்கும் மானம் உண்டு."

சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்துக்கொண்டே முந்தானைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் முன்பே காட்டவில்லை என்று கேட்டார்.

"வலிக்கலியே டாக்டர். அதான் காட்டல" என்றாள் அத்தை.

"வலிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாய் வந்து சொல்லுச்சா?"

மறுபடி சிரிப்பு. அத்தை தலையைத் தூக்கவில்லை. மருத்துவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது புற்று மாதிரி இருக்கிறது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் எளிதாக எடுத்திருக்கலாம், இப்போதும் அறுத்து எடுக்கலாம், ஆனால் வயதான நாய், தாங்குமா என்று பார்க்கவேண்டும். அத்தை முந்தானையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டாள். "கத்தி வேண்டாம்" என்றாள். கொஞ்சம் பலமாகவே சொன்னாள். ஜூலி மேசையிலிருந்து குதித்துவிட்டது.

அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். மாமா துண்டை முந்தானையாகப் போட்டு என்னை நாயாகப் படுக்கவைத்து முழுக் காட்சியையும் நடித்துக் காட்டினார். "அதுக்கும் மானம் உண்டு!" என்று அவர் அத்தையின் குரலில் சொன்னபோது அப்பாவே குலுங்கினார். அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாமா வைத்தியம் சொன்னார். அவர் வேலை பார்த்த கப்பலில் கேப்டனின் மனைவி நாய் வளர்த்தாளாம். அதற்கும் இதே கட்டி.

"கட்டிக்குத் தீனியே சோறுதான் மைனி. நாம போடுற சோத்தத் தின்னுதான் அது வளருது. சோத்த நிப்பாட்டுங்க. பச்சைக் கறி குடுங்க, ஈரலு. அடுப்புல வச்சா சத்துப் போயிரும். கட்டி பட்டினி கெடந்தே சாவும்."

"அரிசி மண்டில பொறந்த நாய்க்குச் சோறு ஆகாதா?" என்று அப்பா கேட்டார். அவருக்கு அது தொழிலுக்கே இழுக்காகப் பட்டது.

அத்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள். "மனுசருக்கும் அப்படித்தானா தம்பி?"

"உடம்புன்னா எல்லாம் ஒண்ணுதான மைனி" என்றார் மாமா. வாயில் சோற்றோடு.

இடைஞ்சல் என்னவென்றால், அடுத்த வாரம் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். எங்கள் வீட்டில் அன்று கறிச்சட்டிகளைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவார்கள். பாஸ்கா வரை கறி, மீன், முட்டை எதுவும் வாசற்படி ஏறாது. அந்தச் சட்டம் போட்டவளே அத்தைதான். அதிலும் மாமா சொன்னது மாட்டீரல். எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் நுழையாதது. மண்டிக்கு வரும் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் இந்துக்கள், மீதிப்பேர் எங்கள் கோயில் பங்குக்காரர்கள். யார் பார்த்தாலும் பேச்சாகிவிடும்.

"தவக்காலத்துல இந்தக் கறி வீட்டுக்குள்ள வந்தா ஊரு காறித் துப்பும்" என்றார் அப்பா.

எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தோம். அவள் சொன்னாள்: "வரட்டும். ஊரு பெரிசா, உசுரு பெரிசா?"

 அக்காவுக்கு நாய்மேல் இவ்வளவு பாசமா என்று அப்பா பிறகு அம்மாவிடம் வியந்துகொண்டார்.

பெரியவர்கள் யாரும் கறிக்கடையில் நிற்க முடியாது என்பதால் அந்த வேலை என்மேல் விழுந்தது. மூடிபோட்ட தூக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு முன்னால் பாய் கடைக்குப் போவேன். முதல் நாள் நெற்றியில் சாம்பல் சிலுவை வேறு.

"இன்னா பாப்பா, நெத்தில சாம்பல வச்சிகினு ஈரல் கேக்குற? உங்க வூட்ல நோம்பு இல்ல?"

"நாய்க்கு."

"நாய்க்கா! சரிதான், நம்பிட்டேன்" என்றார் பாய், வெட்டிக்கொண்டே. வரிசையில் நின்ற ஒருவர் விடவில்லை. "அடுத்த பொறப்புல அண்ணாச்சி வூட்டு நாயா பொறக்கணும்பா. நம்ம வூட்ல முட்டைக்கே பேஜாரு." கடையே சிரித்தது. என் காது சுட்டது. அதற்குப் பிறகு தினமும் அந்தக் கடைப் படியேறும்போதே, யாரும் கேட்காமலே, "நாய்க்கு, நாய்க்கு" என்று சொல்லிக்கொண்டு போவேன். அப்படிச் சொல்வதே சந்தேகத்தை வளர்த்தது என்பது எனக்குத் தெரியவில்லை. பங்கில் பேச்சு கிளம்பிவிட்டது. கோயிலில் சிலுவைப் பாதைச் செபத்தின்போது ஒரு அம்மாள் என்னைக் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

வீட்டில் பக்கச் சந்து வழியாகத்தான் தூக்கு உள்ளே வரவேண்டும். அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் மஞ்சள்தூளைப் போட்டுக் கழுவிக் கொடுக்கப் பார்த்தாள். மாமா ஓடிவந்து தடுத்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பழைய அரிவாள்மனையில் அத்தையே உட்கார்ந்து நறுக்கினாள். ஜூலி அந்த நாட்களில் பளபளத்தது. மண்டிக்குள் எலியைத் துரத்தியது. "பாத்தீங்களா மைனி!" என்று மாமா மார்தட்டினார்.

அந்தத் தவக்காலத்தில் அத்தை சோற்றையும் விட்டாள். முதலில் இரவில். பிறகு மதியமும். கறியும் இல்லை, மீனும் இல்லை, சோறும் இல்லை. கீரை, வேர்க்கடலை, மோர். "இவ்வளவு கடுநோன்பு எதுக்கு மைனி?" என்று அம்மா கெஞ்சினாள். "ஒரு நேர்ச்சை" என்று மட்டும் சொன்னாள். ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டது என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. பிடியரிசிப் பானை நிரம்பி வழிந்தது, பக்கத்தில் ஒரு தகர டப்பா வைக்கவேண்டி வந்தது. உபதேசியார் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பங்கிலே ஒரு மூதாட்டி" என்று பிரசங்கத்தில் சாமியார் சொல்லும்படி செய்துவிட்டார். அத்தைக்கு மூதாட்டி வயதில்லை. ஆனாலும் மெலிந்த கன்னத்துக்கு அந்தச் சொல் பொருந்தியது. அப்பா அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோயிலிலிருந்து வெளியே வந்தார். ஈரல் பேச்சும் அதோடு அடங்கிவிட்டது. ரவிக்கை தொளதொளவென்று ஆனதை ஒரு புண்ணியக் குறியாகத்தான் எல்லோரும் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கட்டியை அளப்பார்கள். மூட்டை தைக்கும் சணலை மாமா கட்டியைச் சுற்றி வளைத்து, சந்திக்கும் இடத்தில் முடிச்சுப் போடுவார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். "கொறஞ்சிருக்கா?" என்று சுவரிடம்தான் கேட்பாள். முதலில் சில வாரம், "அப்படியேதான் இருக்கு மைனி, இனிமே பாருங்க" என்றார். அதைக் கேட்டதும் அத்தையின் தோள்கள் இறங்கும்.

ஒரு ஞாயிறு நான் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சணலின் பழைய முடிச்சு கட்டியைச் சுற்றி வந்து முனையை எட்டவில்லை. கட்டி பெரிதாகியிருந்தது. மாமா என்னைப் பார்த்தார். சணலை உருவி, கட்டைவிரலை வைத்துப் பழைய முடிச்சுக்கு உள்ளே தள்ளிப் புது முடிச்சைப் போட்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கொறஞ்சிட்டு மைனி!"

அத்தை திரும்பினாள். சணலை வாங்கி இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவிலிருந்த இடைவெளியை விரலால் தடவினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "மாதாவே" என்றாள். ஜூலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னையும் கட்டிக்கொண்டாள்.

மாடிப்படியில் வைத்து மாமா சொன்னார்: "மைனி சந்தோசப்படட்டும்ட்டி. நாய்க்கா தெரியப்போவுது?" எனக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். பெரியவர்களுடைய நல்ல இரகசியம் ஒன்றில் எனக்கும் பங்கு கிடைத்த பெருமையில் அதை மெதுவாகத் தின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கட்டி குறைந்தது.

பெரிய வெள்ளி வந்தது. அன்று எங்கள் வீட்டில் வானொலிக்குத் துணி போர்த்திவிடுவார்கள், தலை சீவமாட்டார்கள், தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார்கள். ஜூலிக்கு மட்டும் விலக்கு. தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவள், மூடி என் கையிலேயே வந்துவிட்டது என்று திரும்பப் பின்கட்டுக்கு வந்தேன்.

அத்தை எனக்குப் பக்கவாட்டாக, துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து நெஞ்சுவரை மெதுவாகச் சிலுவை வரைந்துகொண்டாள். அரிவாள்மனையிலிருந்து பச்சை ஈரல் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மெல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை கசப்பு மருந்தை விழுங்குவதைப்போல விழுங்கினாள். உடனே குமட்டியது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் இரத்தம். அடங்கியதும் இன்னொரு துண்டை எடுத்தாள்.

திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"கெட்டிருக்கான்னு பாத்தேன் மக்ளே" என்றாள். "நாய் வாயில்லாச் சீவன்லா."

நான் ஓடிவிட்டேன். ஆண்டவர் சிலுவையில் தொங்கும் நேரத்தில், பங்கே புகழும் என் அத்தை, மாட்டீரலைப் பச்சையாகத் தின்கிறாள். குமட்டியது தேவதண்டனை. பாய் கடையில் சிரித்தவர்கள் சொன்னதே சரியாகிவிட்டது. "நாய்க்கு, நாய்க்கு" என்று நான்தான் பொய் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. அவளுக்காக, அவள் சார்பில்.

அன்று முதல் என் பாயை அத்தையின் பக்கத்திலிருந்து எடுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அத்தை பிசைந்து உருட்டித் தரும் சோறு வேண்டாம் என்று தட்டைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. உருண்டையைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். என் கண்ணில் படாத ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கலாம். இன்று மகள் தட்டைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் கை கழுவும் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

ஒருவரிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோது சாமியாரிடம், "எங்க அத்தை பெரிய வெள்ளியில கறி தின்னுட்டாங்க சாமி" என்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "உன் பாவத்தச் சொல்லும்மா. அடுத்தவங்க பாவத்த அவங்க சொல்லிப்பாங்க."

"பச்சையா தின்னாங்க சாமி."

"உன் பாவம்?"

யோசித்துப் பார்த்து, தங்கையின் பென்சிலை எடுத்ததைச் சொன்னேன். சில மன்றாட்டுகளைப் பரிகாரமாகக் கொடுத்தார். அதோடு அந்தச் சேதி நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் வைத்தியரிடம் போகவேண்டிய செய்தி, கோயில் வழியாகப் போய், பாவமாக எழுதப்பட்டு, மன்னிக்கவும் பட்டுவிட்டது.

பாஸ்காவன்று கறிச்சட்டிகள் பரணிலிருந்து இறங்கின. அத்தை கறியை மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சோற்றைத் தொடவில்லை. "நோன்புதான் முடிஞ்சிட்டே மைனி" என்றாள் அம்மா. "பழகிட்டு" என்றாள் அத்தை. மாமாவுக்குக் கப்பல் கிடைத்தது. போகும்போது சணலை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனார். "அளந்துக்கிட்டே இருங்க மைனி. இன்னும் கொஞ்ச நாள்ல இருந்த எடம் தெரியாது."

மழைக்காலத்தில் அத்தை ரவிக்கைக்குமேல் ரவிக்கை போட்டுக்கொண்டாள். அவளைச் சுற்றி எப்போதும் சந்தனப் பொடி மணந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. இறந்த எலி எங்கோ மூட்டைக்கடியில் கிடக்கிறது என்று அப்பா ஆட்களை விட்டு மண்டி முழுக்கத் தேடச் சொன்னார். ஜூலி மட்டும் எங்கேயும் தேடவில்லை. அத்தையின் காலடியைவிட்டு நகராமல் கிடந்தது.

ஒரு காலையில் உலை கொதிக்கும்போது அத்தை அடுக்களையில் மயங்கி விழுந்தாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு உடை மாற்றினாள். உள்ளேயிருந்து அம்மா எழுப்பிய சத்தத்தை நான் சொல்ல விரும்பவில்லை.

அறுக்கும் கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது எதுவும் அப்போது எனக்குச் சொல்லப்படவில்லை. வெகுகாலம் கழித்து, எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். ஜூலிக்குக் கட்டி தெரிவதற்கு முன்பே, தன் மார்பில் ஒன்று இருப்பது அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம். குற்றம் சாட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாளாம்.

"நான் சோறே திங்கலியே டாக்டர். பெறவு எப்படி வளந்துச்சு?"

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமாவிடம் அதை அம்மாவே சொன்னாள். அடுத்த முறை கப்பலிலிருந்து இறங்கியபோது அவர் வீட்டுக்குள் வரவில்லையாம். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே எழுந்து போனாராம். சணல் முடிச்சைப் பற்றி மாமா சொன்னாரா என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லவுமில்லை.

ஆனால் அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அத்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், மண்டியை ஒட்டிய அறையில் கட்டிலில் படுத்திருக்கிறாள், கட்டிலுக்கடியில் ஜூலி.

ஒருநாள் அத்தை அம்மாவைக் கூப்பிட்டாள். "கொஞ்சம் சோறு தாறியா? ரசம் ஊத்தி."

அம்மா ஓடினாள். மண்டியில் இருப்பதிலேயே நல்ல அரிசியை அப்பாவே மூட்டையைக் குத்தி எடுத்துக் கொடுத்தார். ஆவி பறக்கப் பிசைந்து அம்மா ஊட்டினாள். அத்தை ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். "சோறுன்னா சோறுதாம்ட்டி" என்றாள். கட்டிலுக்கடியில் வால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. "அதுக்கும் வையி. பாவம், அதும் எத்தன நாளாப் பட்டினி கெடக்கு."

நான் ஜூலிக்குத் தட்டில் சோறு வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் நக்கிவிட்டு என் முகத்தையும் நக்கியது. நிமிர்ந்தபோது அத்தை ஒரு சின்ன உருண்டையை விரல் நுனியில் எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.  நான் வாயைத் திறந்தேன். பெரிய வெள்ளிக்குப் பிறகு அவள் கையால் தின்ற முதல் சோறு.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. ஜூலிக்குச் சோறு ஆகாது என்றார்கள், இப்போது ஆகிறது. அத்தைக்கு நேர்ச்சை இருந்தது, இப்போது இல்லை. ஆகவே இருவருக்கும் குணமாகிவிட்டது. இந்தச் சேதியை முதலில் சொல்லும் உரிமை என்னுடையது என்று முன்பக்கம் மண்டிக்கு ஓடினேன்.

"அப்பா! அத்தைக்குச் சரியாயிட்டு! சோறு திங்கா! ஜூலிக்கும் சரியாயிட்டு!"

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார். அப்பா, அத்தைக்காகக் குத்திய மூட்டையின் பக்கத்திலேயே நின்றிருந்தார். குத்திய ஓட்டையை அடைத்திருந்த துணி நழுவி, அரிசி அவர் காலடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மணி அரிசி சிந்தினாலும் எங்கள் காதைத் திருகுகிற அப்பா, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். பெரியவர்களுக்குச் சந்தோஷம் வந்தால் கையும் காலும் ஓடாது போலிருக்கிறது என்று நினைத்தேன். நானே போய் உள்ளங்கையால் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.